மீனே, மாமாகிட்ட சொல்லு

நேமானியின் தலையில் சவெனாதா போட்ட அடிகளில் பாதி என் லாரியில் வைத்துப் போட்டவை. அதனால் இந்தக் கதையைச் சொல்ல ஒவலாவ் தீவில் என்னைவிட உரிமைப்பட்டவன் கிடையாது. மற்றவர்கள் சொல்வதெல்லாம் வானொலியில் கேட்டுவிட்டுச் சொல்வது.

அப்போது தீவின் துறைமுக ஊரான லெவுகாவில் மீன் ஆலை வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வைதோமு கிராமத்திலிருந்து ஆலைக்கு ஆட்களை ஏற்றிப் போவது என் வேலை. லாரியின் பின்னால் இரண்டு நீளப் பலகை, மேலே ஒரு தார்ப்பாய். தார்ப்பாய் ஒழுகும். லெவுகாவில் மழை நின்றால்தானே அதைத் தைப்பதற்கு. விடிகிற நேரத்தில் சர்ச் வாசலில் நின்று ஹாரன் அடித்தால், வாழையிலையில் சுற்றிய மரவள்ளிக்கிழங்கோடு பெண்கள் ஓடி வந்து ஏறுவார்கள். அவர்கள் மீன் வெட்டும் மேசைக்குப் போகிறவர்கள். கடைசியாக நேமானியும் சவெனாதாவும் ஏறுவார்கள். இவர்களுக்குக் குளிர் அறையில் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற சூரை மீன் கருங்கல் மாதிரி உறைந்து கிடக்கும். அதைத் தோளில் வைத்துச் சுமந்து உள்ளே அடுக்க வேண்டும். வெளியே வெயிலும் புழுக்கமும் ஆளைக் கொல்லும், உள்ளே மூக்கிலிருந்து வரும் நீர் மீசையில் கட்டியாக நிற்கும்.

நேமானி வாயாடி. பலகையில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிடுவான். சவெனாதா பேசமாட்டான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மீன் வாங்க வந்தவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல நேமானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"எங்கப்பா மூணு நாள் கடல்ல நீந்தினாரு, தெரியுமா? நிக்காம மூணு நாளு," என்பான் நேமானி.

லாரி இரண்டு வளைவு தாண்டும். அதற்குப் பிறகுதான் சவெனாதா வாயைத் திறப்பான்.

"கரையில உங்கம்மா நின்னாங்களா?"

கேட்டுவிட்டு நேமானியின் பின்மண்டையில் பட்டென்று ஒன்று வைப்பான். பெண்கள் சிரிக்கிற சிரிப்பில் எனக்கு ஸ்டீயரிங் ஆடும்.

இதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. சவெனாதாவின் அம்மாவும் நேமானியின் அப்பாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ஆகவே இவர்கள் மச்சான் முறை. எங்கள் தமிழ்ச் சனத்திலும் மச்சான் என்றால் கேலி உண்டு. ஆனால் நமக்கு அது இஷ்டத்தைப் பொறுத்தது, இவர்களுக்குக் கடமை. மச்சானைப் பார்த்தும் கேலி செய்யாமல் போனால், என்ன கோபம் என்று ஆள் அனுப்பிக் கேட்பார்கள். பிறர் தலையைத் தொடுவது அந்த ஊரில் ஆகவே ஆகாத காரியம். இவர்கள் விஷயத்தில் மட்டும், மச்சான்தானே என்று அதையும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள்.

குளிர் அறையில் ஆரம்பித்த இவர்கள் கேலி, சம்பள நாளில் ஆலை வாசலுக்கு வந்தது, பிறகு சர்ச் கூடத்துக்கு, பள்ளிக்கூட நன்கொடை விழாவுக்கு என்று மூன்று வருஷத்தில் லெவுகா முழுக்கப் பரவிவிட்டது. அந்த வருஷம் மாசி மாதம் அப்படியொரு விழாவில்தான் தலைநகர் சுவாவிலிருந்து வந்த வானொலிக்காரர் ஒருவர் இவர்களைப் பார்த்தார். சிரித்துச் சிரித்து அவருடைய மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது, அதை அவரே மிதித்தார். ஈஸ்டர் வாரத்தில் பதிவு இயந்திரத்தோடு வருவதாகவும், நன்றாக வந்தால் வாரா வாரம் நிகழ்ச்சி என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இதில் எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவள் சவெனாதாவின் மனைவி லுசியானா. அவளும் ஆலையில் மீன் வெட்டுகிறவள். சவெனாதாவின் வலது கையில் இரண்டு விரல் குளிரில் மரத்துப்போயிருந்தன. குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் அவனுக்குத் தெரிவதில்லை, சுடுகிற பானையைத் தொட்டாலும் தெரிவதில்லை என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். வானொலி வேலை கிடைத்துவிட்டால் அவனைக் குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்துவிடலாம் என்பதுதான் அவளுக்கு மூச்சும் பேச்சும். நேமானிக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் அவள் கையால்தான் சாப்பாடு. மச்சான்கள் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், நல்ல துண்டுக்குச் சண்டை போடுவார்கள்.

வானொலிக்காரர் வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஊரில் ஒரு சாவு விழுந்தது. துக்கத்துக்கு நைராய் தீவிலிருந்து பௌலியாசி என்ற பெரியவர் படகேறி வந்தார். எந்தக் குடும்பம் எங்கே கிளை பிரிந்தது, யார் யாருக்கு என்ன முறை என்பதையெல்லாம் தலைக்குள் வைத்திருப்பவர். அவர் தெரு வழியாக நடந்தால் கல்யாணம் பேசி வைத்திருப்பவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். மழை. கவா என்கிற வேர்ப்பானத்தைக் கலக்கிக் கொட்டாங்கச்சியில் சுற்று வந்துகொண்டிருந்தது. நேமானி ஏதோ அளந்துகொண்டிருந்தான், சவெனாதா வழக்கம்போல ஒன்று வைத்தான். பௌலியாசியின் வாய்க்குப் போன கொட்டாங்கச்சி பாதி வழியில் நின்றுவிட்டது. இருவரையும் அருகில் கூப்பிட்டார்.

"உன் தாத்தா பேரு என்ன?" என்று நேமானியைக் கேட்டார்.

"செமி. நைராய்தான். அப்பா சின்ன வயசுலயே இங்க வந்துட்டாரு."

பெரியவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்து யாரோ அவர் பங்குக் கவாவைக்கூடக் குடித்துவிட்டார்கள். பிறகு கண் திறந்தார். குடும்பத்தில் செமி என்று இரண்டு பேர் இருந்தார்களாம். பெரிய செமி ஒருவர். அவர் பெயரையே அவருடைய அண்ணன் மகனுக்கும் வைத்ததால் அவன் சின்ன செமி. நேமானியின் அப்பா சின்ன செமிக்குப் பிறந்தவர் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் உண்மையில் பெரிய செமியின் மகன் என்று அடித்துச் சொன்னார். நேமானியின் அப்பா ஒரு தலைமுறை மேலே போய்விட்டார்.

"அப்ப உங்கப்பன் இவன் அம்மாவுக்குச் சித்தப்பன். நீ அவளுக்குத் தம்பி," என்றார் நேமானியிடம். பிறகு சவெனாதா பக்கம் திரும்பினார். "நீ இத்தனை வருஷமா அடிச்சுக்கிட்டு இருக்கிறது உன் தாய்மாமன் தலையைடா."

தாய்மாமனும் மருமகனும் அங்கே கேலி செய்யக் கூடாது. நேருக்கு நேர் பேசவே கூடாது. அவசரம் என்றால் இன்னொருவர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரே தட்டு கிடையாது. எதிரே கடந்தால் குனிந்து போக வேண்டும். தலையைத் தொடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சுவாவில்தான் குடும்பப் பதிவேடு இருக்கிறதே, ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். பெரியவர் சொன்ன பிறகு போய்ப் பார்ப்பது அவரைப் பொய்யர் என்று சொல்வதாகும் என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கவா குடித்தேன்.

மறுநாள் மன்னிப்புச் சடங்கு. சவெனாதா பாயில் தவழ்ந்து போய்த் திமிங்கிலப் பல் ஒன்றை நேமானியின் முன்னால் வைத்தான். அத்தனை வருஷ அடிக்கும் சேர்த்து அபராதம் ஒரே பன்றி. நேமானி அதை ஏற்றுக்கொள்ளும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் பார்த்தேன். வாய் நிறையக் கேலி வந்து நிற்கிறது, வெளியே விட முடியவில்லை. விக்கல் வந்தவன்போல நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவதி லுசியானாவுக்கு. நேமானிக்குச் சாப்பாடு வெளிக் கொட்டகையில், சவெனாதாவுக்கு உள்ளே. இரண்டுக்கும் நடுவில் அவள் தேங்காய்ப்பால் சட்டியோடு நடந்துகொண்டிருந்தாள். உப்பு வேண்டும் என்றால் அவளிடம் சொல்வார்கள். நிகழ்ச்சிக்கு என்ன செய்வது என்றும் அவளிடம்தான் சொல்வார்கள்.

"மாமாகிட்ட கேளு, வானொலிக்காரருக்கு வர வேணாம்னு ஆள் விட்டுச் சொல்லலாமான்னு," என்றான் சவெனாதா உள்ளேயிருந்து. கொட்டகைக்கும் அது தெளிவாகக் கேட்டது. ஆனாலும் அவள் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும்.

"மருமகன் இஷ்டம்னு சொல்லு," என்றான் நேமானி.

"அது மாமா இஷ்டம்னு சொல்லு."

"பெரியவங்க சொல்லி மருமகன் கேக்கணும்னு இல்ல, அவரு யோசிச்சு எது சொன்னாலும் சரின்னு சொல்லு."

நான் அப்போது அங்கே கீரையும் கிழங்கும் தின்றுகொண்டிருந்தேன். லுசியானா ஆறு தடவை நடந்தாள். ஏழாவது தடவை, சுடுவதற்கு வைத்திருந்த சூரை மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, வாசற்படிக்கு நடுவில் ஒரு கட்டையின் மேல் நிமிர்த்தி வைத்தாள்.

"நான் பொண்டாட்டியா, தபால்காரியா? இனிமே ரெண்டு பேரும் இதுகிட்ட சொல்லிக்குங்க. இது உங்களைவிட மரியாதை தெரிஞ்ச மீனு."

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நேமானி தொண்டையைச் செருமினான். சவெனாதாவைப் பார்க்காமல் மீனைப் பார்த்தான்.

"மீனே, என் மருமகன்கிட்ட சொல்லு. அவரு சாப்பிடறது என் பங்குத் துண்டு. அவசரமில்ல. மென்னு முழுங்கிட்டுத் தந்தா போதும்."

உள்ளே வழக்கமான அமைதி. லாரி இரண்டு வளைவு தாண்டுகிற அளவு அமைதி.

"மீனே, மாமாகிட்ட சொல்லு. அவரு கேக்கற துண்டு, மீனே, உன் அண்ணன்தான். உன் துக்க வீட்டுல இப்படியா பேசறது?"

எனக்குக் கீரை புரையேறியது. லுசியானா திரும்பி ஓடி வந்தாள். நான் சிரிப்பதைப் பார்த்தாள், அவர்கள் இருவரும் சிரிக்காமல் மீனையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். வானொலிக்காரர் வரட்டும் என்றாள்.

ஈஸ்டர் வாரத்தில் அவர் வந்தார். கூடம் நிரம்பி ஜன்னலிலும் ஆட்கள் தொங்கினார்கள். முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள், முறை தவறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்ற முகத்தோடு. மேடை நடுவில் ஸ்டூல், அதன் மேல் குளிர் அறையிலிருந்து எடுத்து வந்த உறைந்த மீன். இரண்டு பக்கமும் மாமாவும் மருமகனும் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து வந்தார்கள். பின்பக்கமாக வந்ததில் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றார்கள்.

"மீனே, மருமகன்கிட்ட சொல்லு. அவரு நிக்கிறது என் கால்மேல. நான் தப்பா எடுத்துக்கல. அவருக்கு வசதிப்படும்போது எடுத்தா போதும்."

கூடம் காத்திருந்தது. சவெனாதா மீனைப் பார்த்தான். மீன் இன்னும் செய்தியைச் சொல்லவில்லை என்பதுபோலப் பொறுமையாக நின்றான். அதற்கே பின்வரிசையில் ஆரம்பித்துவிட்டது.

"மீனே, மாமாகிட்ட சொல்லு. அது மாமா கால்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா செருப்பைக் கழட்டிட்டு மிதிச்சிருப்பேன்."

முறையில் ஒரு பிழை கிடையாது. ஒரு கேலி வார்த்தை கிடையாது. நேரே ஒரு பார்வைகூடக் கிடையாது. அவ்வளவு மரியாதையை ஒரே மேடையில் யாரும் பார்த்ததில்லை. தடுக்க வந்த பெரியவர்களுக்குத் தடுக்க ஒன்றும் கிடைக்காமல், அவர்களும் சிரித்துத் தொலைத்தார்கள். ஒருவருக்குப் பல்செட் மடியில் விழுந்தது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத் தீவு தீவாக வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். மீன் பதில் சொல்லாமல் இருக்கிற இடைவெளிக்கே சனம் சிரித்தது. ஆனி மாதம் சவெனாதா குளிர் அறை வேலையை விட்டான். கம்பளிச் சட்டையைத் துவைத்து லுசியானா வாசலில் வெற்றிக்கொடி மாதிரித் தொங்கவிட்டாள். அவன் விரல்களைத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவி நீவிவிட்டாள். ஒன்றில் உணர்ச்சி திரும்புவதாகச் சொன்னாள்.

ஆனால் எனக்கு லாரி ஓட்டப் பிடிக்கவில்லை. நிகழ்ச்சி இருந்தால் நான்தான் ஏற்றிப் போவேன். நேமானி இப்போது மாமா. மாமாவுக்கு முன்சீட். சவெனாதா பின்னால் பலகையில். மேடையில் மீன் இருந்தது, லாரியில் அதுவும் இல்லை. போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. பிள்ளைப் பிராயத்திலிருந்து ஒரே பாயில் உருண்டவர்கள், கூடத்தை அதிரவைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கமாக இறங்கிக் குனிந்து போவார்கள்.

"முந்தியெல்லாம் காலையில நாலு அடி விழுந்தாத்தான் எனக்கு முழிப்பே வரும், குப்பு," என்றான் நேமானி ஒரு நாள். "இப்ப நாள் பூராவும் தூங்கற மாதிரியே இருக்கு." நேமானி சிரிக்காமல் சொன்ன வாக்கியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பின்னால் கண்ணாடியில் பார்த்தேன். சவெனாதா தார்ப்பாயிலிருந்து ஒழுகுவதை நனைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தான்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. கிராமத்தில் சர்ச் விருந்து. மண்ணடுப்பில் பன்றியும் சேப்பங்கிழங்கும் விடியலிலேயே வைத்தாகிவிட்டது. சவெனாதாவும் நானும் துறையில் சாமான் ஏற்றப் போயிருந்தோம். நைராய்ப் படகிலிருந்து பௌலியாசி இறங்கினார். கையில் துணி சுற்றிய திமிங்கிலப் பல். முன்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தவர், ரொம்ப நேரம் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல வானொலி வாங்கினோம்," என்று ஆரம்பித்தார். "என் பொண்டாட்டி உங்க நிகழ்ச்சி கேட்டா. எதுக்கு ரெண்டு ஆம்பளைங்க ஒரு மீனுகிட்ட பேசறாங்கன்னு என்னைக் கேட்டா. நான் பெருமையா விளக்கிச் சொன்னேன். நேமானி அப்பன் பெரிய செமி மகன், சின்ன செமி மகன் இல்லன்னு. கேட்டுட்டு அவ சொல்றா, 'அட மனுசா, பெரிய செமிக்குக் கல்யாணமே ஆகலியே'ன்னு."

நான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

"நாப்பது வருஷமா எல்லார் முறையும் சொல்றேன். பொம்பளைங்களைக் கேட்டதில்ல," என்றார் பெரியவர். "நீங்க மச்சான்தான். நாளைக்கு ஞாயிறு. சர்ச் முடிஞ்சு, பல் வச்சு, முறைப்படி என் தப்பைச் சொல்லிடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காத, சவெனாதா. என் மானம் உன் கையில."

என் மண்டையில் வேறு கணக்கு ஓடியது. மச்சான் ஆகிவிட்டால் மீனுக்கு வேலை இல்லை. மீன் இல்லாத இவர்களை வானொலி வைத்துக்கொள்ளுமா? குளிர் அறை அங்கேயேதான் இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. யாருக்கும் சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது, வெட்கமில்லாமல் அதைச் சொல்லியும்விட்டேன். சவெனாதா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல்களை மடக்கி விரித்தான். அவன் கண்ணில் நீர் நின்றதை நான் பார்த்தேன். பெரியவரும் பார்த்தார், உடனே முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டார்.

லாரி கிராமத்துக்குள் நுழையும்போது மண்ணடுப்பைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஆவியும் பன்றி வாசனையும் தெரு வரைக்கும் வந்தன. நீளப் பாய் விரித்து, தலைமாட்டில் ஊர்ப் பெரியவர்கள், அவர்களுக்கு நடுவில் நேமானி. வானொலி மாமா என்று அவனுக்கு அங்கே இடம் கொடுத்திருந்தார்கள். முன்னால் நல்ல துண்டாகப் பார்த்து வைத்திருந்தது. அதைத் தொடாமல், சிரிப்பு வராத பேச்சுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

லாரி நிற்பதற்கு முன்பே சவெனாதா குதித்தான். பெரியவர் அவன் சட்டையைப் பிடிக்கப் பார்த்தார், கிட்டவில்லை. அவன் பாயின் நீளத்துக்கும் நடந்தான். குனியவில்லை. நிமிர்ந்து நடந்தான். அதைப் பார்த்தே பெண்கள் கிழங்கை உரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஊர்த் தலைவர் எழ முயன்றார். அதற்குள் சவெனாதா நேமானியின் பின்னால் போய் நின்று, எட்டு மாதத்தையும் சேர்த்து அந்தப் பின்மண்டையில் பட்டென்று ஒன்று வைத்தான்.

யாரோ ஒரு பாட்டி ஏசுவே என்றாள். தாய்மாமன் தலை, அதுவும் சாப்பாட்டுப் பாயில், சபை நடுவில். இதற்கு எத்தனை பன்றி வைத்தாலும் போதாது. நேமானிக்கு ஒன்றும் தெரியாது. பெரிய செமிக்குக் கல்யாணம் ஆகாத விஷயம் லாரிக்குள் இருந்த எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும்.

நேமானி மெதுவாகப் பின்மண்டையைத் தடவினான். திரும்பினான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக சவெனாதாவின் முகத்தை நேரே பார்த்தான்.

"இவ்வளவு நாளா எங்கடா போயிருந்த?" என்றான். "ஊரு என்னை ஒதுக்கி வச்சாலும் பரவால்ல. இந்தப் பக்கமும் ஒண்ணு போடு."

பௌலியாசி சேற்றில் செருப்பை விட்டுவிட்டு, ஒரு கையில் திமிங்கிலப் பல்லைத் தூக்கிக்கொண்டு, பெரிய செமிக்குக் கல்யாணமே ஆகவில்லை, தப்பு என்னுடையது என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவர் பாய்க்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பக்கமும் விழுந்து முடிந்திருந்தது. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்களா சிரித்தார்களா என்று இன்றுவரை ஊரில் இரண்டு கட்சி உண்டு. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தவன். அழுதார்கள்.

லுசியானா இலையில் சுட்ட மீன் ஒன்றை ஏந்திக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். பெரியவர் சொன்னது முழுவதையும் கேட்டாள். வாசலில் இன்னும் தொங்கிய கம்பளிச் சட்டையை ஒரு தடவை பார்த்தாள், புருஷன் கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், இலையில் கிடந்த மீனைப் பார்த்துச் சொன்னாள்.

"மீனே, இவங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லு. கிழங்கு ஆறுது. தட்டு ஒண்ணுதான் வச்சிருக்கேன்."